கோமதியின் டம்ளர்

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. நம் ஆட்கள் விவரமானவர்கள். பாகற்காயை விடுவார்கள், கொத்தவரங்காயை விடுவார்கள், வீட்டில் யாரும் வாங்காத பழம் ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்து விடுவார்கள்.

சங்கரபாண்டி டீயை விட்டார்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியிலிருந்து மதுரை வரைக்கும் எந்தக் கடையில் எந்தத் தூள் என்று அவருக்குத் தெரியும். கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும். "இது கண்ணன் தேவன். கூட சக்ரா கோல்டு கொஞ்சம் கலந்திருக்கான்" என்பார். பந்தயம் கட்டித் தோற்ற கண்டக்டர்கள் நிறையப் பேர். ஆனால் சொந்த வீட்டுக்கு த்ரீ ரோசஸ் தவிர வேறு தூள் வரக் கூடாது. தெருக்கடையில் அது தீர்ந்துபோனால் அவர் மனைவி கோமதி பஜார் வரைக்கும் நடந்துபோய் வாங்கி வருவாள்.

கோமதி இறந்த மறுமாதம் அவர் காசிக்குப் போனார். டீயை விட்டால் அவள் நினைப்பும் கொஞ்சம் விட்டுப்போகும், துக்கம் குறையும் என்று நம்பினார். படித்துறையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டே முழுகினார்.

ஒன்றும் குறையவில்லை. மகள் செண்பகம் வீட்டில் சாயங்காலம் டீ கொதிக்கிற வாசனை வந்தால் போதும், சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பி அழுவார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் துறவியாக இருக்கும் உலகம்மையின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். உலகம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவரைக் குருவாக நினைத்து 'அம்மா' என்றார் சங்கரபாண்டி. உலகம்மை அவரை 'அண்ணாச்சி' என்றார்.

அந்தக் குடிலில் டீத்தூளே கிடையாது. காலையிலும் மாலையிலும் சீரகம் போட்ட வெந்நீர்தான்.

"இதை எப்படித்தான் குடிக்காங்களோ. வயித்துவலிக்காரனுக்குக் கொடுக்கற மாதிரி இருக்கு" என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது வருஷம் ஆகியும் அந்தச் சுளிப்பு போகவில்லை.

கோமதியின் இரண்டாம் வருஷத் திதிக்கு முந்தின நாள். உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்து சீரகம் புடைத்துக்கொண்டிருந்தார். சங்கரபாண்டி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என்கூட வந்தவங்கல்லாம் பாகற்காயை விட்டாங்க. நான் ஏமாத்தலை. இருக்கறதுலயே பிடிச்சதைத்தான் விட்டேன். அப்பவும் துக்கம் போக மாட்டேங்குது. இன்னும் எதை விடணும்?"

உலகம்மை முறத்தை ஒருமுறை தட்டினார். தூசி பறந்தது.

"நாளைக்குத் திதில்லா?"

"ஆமா. செண்பகம் வாரா. அவதான் சமைக்கா."

"படையலுக்கு என்ன?"

"சோறு, சாம்பார், வடை, பாயசம். எப்பவும் உள்ளதுதான்."

"அவங்களுக்குப் பிடிச்சது?"

இறந்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முறுக்கு வைப்பார்கள், வெற்றிலை வைப்பார்கள். பீடிக்கட்டு வைத்த வீடுகளும் உண்டு.

"டீதாம்மா" என்றார் சங்கரபாண்டி. "டூட்டி இல்லாத நாள்ல நாலு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடிப்போம். நான் நாற்காலியில உக்காருவேன். அவ அடுப்படி வாசல்ல உக்காருவா. ஆளுக்கொரு சில்வர் டம்ளர். எனக்குத் தனியா குடிக்கப் பிடிக்காது. தனியா டீ குடிக்கறதும் காலி வண்டி ஓட்டறதும் ஒண்ணுன்னு சொல்லுவேன். அவ சிரிப்பா."

"ம்."

"ஒருநாள் நல்ல காய்ச்சல் அவளுக்கு. படுத்துக்கோட்டின்னேன். கேக்கலையே. சுவரைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்து, டம்ளரோட உக்காந்துட்டா. டீ மேல அவ்வளவு ஆசை."

உலகம்மை சீரகத்தில் கிடந்த சின்னக் கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார்.

"அவங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?"

"எனக்குப் போடற மாதிரிதான்."

"கேட்டிருக்கீங்களா?"

"இதைக் கேக்கணுமா அம்மா? எனக்குப் போடறதுலதான அவளும் எடுத்துக்கிடுவா."

"சரி. நாளைக்கு இலையில டீ வைங்க. நீங்களே போடுங்க."

"நான் தொடக் கூடாதே."

"குடிக்கத்தான் கூடாது. போட்டுக் கொடுக்கலாம்."

மறுநாள் காலையிலேயே செண்பகம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் தூக்குவாளி, காய்கறிப் பை. புருஷன் குவைத்தில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவள் மட்டும்தான். மடமடவென்று சமைத்து முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, படையல் முடிஞ்சதும் என்கூட வாங்க. உங்க துணியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. உன் வீட்டுல அந்த வாசனை..."

"டீயைப் போடாம இருக்கணும்னா இருந்துக்கிடுதேன்."

"உன்னை எதுக்கு நான் தடுக்கணும்? நீ குடி. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

செண்பகத்துக்கு மூக்கு சிவந்தது.

"எங்க குடிக்க? நாலு மணி ஆனா கை பாட்டுக்கு டீயைப் போட்டிருது. போட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். தனியா இறங்க மாட்டேங்குது. பாதி நாள் கொட்டுதேன். உங்க புத்தி அப்படியே எனக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "டீயைத்தான் விட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா. என்னையும் சேர்த்துத்தான் காசியில விட்டுட்டு வந்திருக்கீங்க. இனிமே நான் வந்து கூப்பிட மாட்டேன்."

சங்கரபாண்டி எழுந்து அடுப்புப் பக்கம் போனார்.

காலையில் கடைத்தெருவுக்குப் போய் அவரே வாங்கி வந்த த்ரீ ரோசஸ் அங்கே இருந்தது. பாக்கெட்டைக் கத்தரித்ததும் வாசனை முகத்தில் வந்து மோதியது. கண் நிறைந்துவிட்டது. வாசனையை வைத்தே பேர் சொல்லுகிற மனுஷனுக்கு டீ போடத் தெரியாது. அதுவரைக்கும் ஒருநாளும் போட்டதில்லை. பால் பொங்கி வழிந்தது. தூள் அதிகமாகிவிட்டது. இஞ்சியைத் தட்டப் போய் விரலைத் தட்டிக்கொண்டார். எப்படியோ வடிகட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

செண்பகம் திரும்பிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு. அவளுக்குப் பிடிச்சதுல்லா."

"அம்மா டீ குடிக்க மாட்டாளேப்பா."

சங்கரபாண்டி நிமிர்ந்தார்.

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"அம்மாவுக்கு டீ ஒத்துக்காது. குடிச்சா நெஞ்செரிச்சல் வந்துரும். கல்யாணம் ஆன புதுசுல குடிச்சுப் பார்த்துட்டு விட்டுட்டாளாம்."

"பொய் சொல்லாத. என் எதுக்கதான் உக்காந்து குடிப்பா. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு..."

"டம்ளர்ல சீரகத் தண்ணி இருக்கும்."

"சீரகத் தண்ணியா?"

"எத்தனையோ நாள் நான்தான் ஊத்திக் கொடுத்திருக்கேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தா. 'தெரிஞ்சா, நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க, போய் வேலையைப் பாரும்பாரு. பெறகு பாதி டீயோட எந்திரிச்சுப் போயிருவாரு'ன்னு சொல்லுவா."

சங்கரபாண்டி இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோமதி டம்ளரைச் சேலைத்தலைப்பால் சுற்றிப் பிடிப்பாள். ஊதி ஊதிக் குடிப்பாள். அவருடைய டீ தீர்கிற வரைக்கும் அவளுடையதும் தீராது. எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்ததாக மட்டும் ஒரு ஞாபகமும் வரவில்லை. மதுரை வரைக்கும் மோப்பம் பிடித்த மூக்கு. எதிரே இருந்த டம்ளரில் டீ வாசனை இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

காய்ச்சலோடு எழுந்து வந்தாளே, அதை நினைத்தார். இத்தனை நாள் அழுததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

செண்பகம் அடுப்படிக்குப் போய், இன்னொரு சில்வர் டம்ளரில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து, டீக்குப் பக்கத்தில் வைத்தாள். இலையோரம் இரண்டு டம்ளர்களும் சேர்ந்து இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எதில் எது என்று தெரியவில்லை.

சூடம் காட்டினார்கள். காக்கை வந்து சோறு எடுத்தது. படைத்த இலையில் செண்பகம் சாப்பிட்டாள். சங்கரபாண்டிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

சாயங்காலம் ஆனது. படைத்ததை வீணாக்கக் கூடாது என்று செண்பகம் டீயைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலுக்கு எதிரே புங்கமரம் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பை பக்கத்திலேயே தயாராக இருந்தது.

சங்கரபாண்டி எழுந்து உலகம்மை முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை வருஷம் அம்மா. எனக்காக உக்காந்திருந்திருக்கா. என்ன குடிக்கன்னு ஒரு தடவை கேக்கலையே நான். இனிமே யார்கிட்டப் போய்க் கேக்க? இதை எங்க போய் விட?"

உலகம்மை இலைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த டம்ளரை எடுத்தார். சீரகத் தண்ணீரை அடுப்பில் வைத்து, திரும்பவும் அதே டம்ளரில் ஊற்றினார். அவர் கையில் கொடுத்தார்.

சங்கரபாண்டி அதைப் பிடித்துக்கொண்டு புரியாமல் நின்றார். சூடு தாங்காமல் மேல்துண்டால் சுற்றிப் பிடித்தார்.

உலகம்மை வாசல் வழியாகப் புங்கமரத்தைப் பார்த்தார்.

"செண்பகத்துக்குத் தனியா டீ குடிக்கப் பிடிக்காதாமே, அண்ணாச்சி" என்றார். "ஆறிரப் போவுது."