கீழ் வீட்டுக்காரர் போகமாட்டேன் என்கிறார்

“அந்த மனுஷனுக்குச் சொரணையே கிடையாதும்மா!”

மடத்துக்குள் நுழைந்த குமரகுருபரன் கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மடத்தை நடத்தும் நீலாம்பிகை அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு.

“யாருக்கு?” என்றார் அம்மை, கீரை ஆய்ந்துகொண்டே.

“எங்க கீழ் வீட்டு உலகநாதனுக்குத்தான். ஒன்பது வருஷமா குடியிருக்கான். என் சம்சாரத்துக்கு முழங்கால் போயிடுச்சு. ஆறு மாசமா மாடியை விட்டு இறங்கலை, பாவம், தெருவையே பார்க்கலை. கீழ் வீடு எங்களுக்கு வேணும். பதினோரு மாச அக்ரிமென்ட் மாசியோட முடிஞ்சுது, புதுசு எழுதலை. அதுலயே புரிஞ்சுக்க வேண்டாமா?”

“போகச் சொன்னீங்களா?”

“அதெப்படிம்மா சொல்றது? நல்ல குடும்பம். குடியிருந்தவங்களை வாத்தியார் துரத்திட்டார்னு நாளைக்கு ஊர் பேசும். அவனாப் புரிஞ்சுக்கிட்டுப் போகணும்.”

நாற்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டியவர். ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

“என்னதான் செஞ்சீங்க?”

“தண்ணி மோட்டாரைப் போடாம விட்டேன். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து நிக்கிறான். வீட்டை இடிச்சுக் கட்டப்போறேன்னு அவன் காதுல விழுற மாதிரி சொன்னேன். தெரிஞ்ச கொத்தனார் இருக்கார் சார்ங்கிறான். முகம் கொடுத்துப் பேசுறதையே நிறுத்தினேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சு அவன் பொண்டாட்டி கஷாயம் கொடுத்தனுப்புறா!”

அம்மை சிரிக்கவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனைவிக்குத் துணையாக அவள் தங்கை வந்திருந்தாள். அதனால் குமரகுருபரன் வழக்கம்போல நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வாசல் அறையில் தங்கினார்.

அன்று மாலை அறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றில் இறைத்துக் குளித்தார்.

மறுநாள் காலை மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது.

மத்தியானம் பந்தியில் அவர் இலைக்கு வரும்போது சாம்பார் தீர்ந்திருந்தது. எதிரே வந்த அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அம்மை யாரிடமோ அவர் காதுபடச் சொன்னார். “அந்த வாசல் அறை ஓட்டைப் பிரிக்கணும்.”

அவ்வளவுதான். குமரகுருபரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் இருக்கிறது பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைங்கம்மா! தண்ணியை நிறுத்தி, ஃபேனைக் கழட்டி, இதென்ன கூத்து? ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடப்போறேன். மாட்டேன்னா சொல்லப்போறேன்?”

“அறை வேணும். நாளைக்கு வேற ஆள் வர்றாங்க. காலையில கிளம்பிடுங்க” என்றார் அம்மை.

குமரகுருபரனுக்குக் கோபம் வரவில்லை. மனசு லேசாகக்கூட இருந்தது.

“இவ்வளவுதானா? இதை வந்த அன்னைக்கே...”

பாதியில் நிறுத்தியவர் பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

“முதல் பஸ் ஆறரைக்கு” என்றார் அம்மை.

ஊரில் இறங்கியவர் மாடிக்குப் போகவில்லை. நேரே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். உலகநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

“வாங்க சார். உடம்பு தேவலையா?”

“தம்பி, இந்த வீடு எனக்கு வேணும். சம்சாரத்தால படி ஏற முடியலை. புது அக்ரிமென்ட் போடப்போறதில்லை. ஆடியில யாரும் வீடு மாத்தமாட்டாங்க, தெரியும். ஆவணி முடியறதுக்குள்ள பாருங்க. வீடு தேட நானும் கூட வர்றேன்.”



“இதுக்கென்ன சார், போயிடறோம்” என்றார் உலகநாதன்.

பிறகு எதிர்ச்சாரியில் இருந்த பச்சை வீட்டைப் பார்த்தார். அதன் வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“சித்திரையில அந்த வீடு காலியாச்சு சார். எங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. நாங்கதான் வேண்டாம்னுட்டோம். உங்க வீட்டு அம்மா நடக்க முடியாம மாடியில இருக்காங்க, அவசரத்துக்குக் கீழே ஆள் வேணுமேன்னு.”