கல்லாங்காட்டு வீதியில் இரண்டு முறை மொழிபெயர்த்த பேச்சு

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பாதியிலேயே யார் பக்கமாவது சாய்ந்துவிடுகிறார்கள். நீங்களாவது முடியும்வரை பொறுத்திருந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.

கொங்கு நாட்டுப் பின்னலாடை நகரம் ஒன்றில் கல்லாங்காட்டு வீதி என்று ஒன்று இருந்தது. பனியன் கம்பெனிகளில் தைக்க ஒடிசாவிலிருந்து வந்த பதினொரு ஒடியாக் குடும்பங்கள் அங்கே பதினொரு பேரின் வீடுகளில் வாடகைக்கு இருந்தன. ஆறு ஆண்டுகளாகப் பெரிய சண்டை இல்லை, பெரிய பேச்சும் இல்லை. ஒரு நாள் அந்த வீதிச் சிறுமி ஒருத்தியைக் காணோம். மாலைக்குள் அத்தை வீட்டில் கிடைத்துவிட்டாள். ஆனால் வடக்கத்திக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய புரளி அடங்கவில்லை. மூன்றாம் நாள் வீதி முனையில் ஒரு பலகை நின்றது. ‘வெளிமாநிலத்தாருக்கு இங்கே வீடு கிடையாது. இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்.’

ஞாயிறு காலை கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூடியது. வீட்டுக்காரர்களுக்காகப் பேசியவர் வீதிச் சங்கச் செயலாளர் செங்கோடன். ஒடியாக்காரர்களுக்காகப் பேச எழுந்தவள் சபித்ரி என்ற தையல்காரி. அவள் குடியிருப்பது செங்கோடனின் வீட்டில்தான். அவளுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தமிழ் வரும், அதற்கு மேல் வராது. ஆகவே நடுவில் பரிமளம் நின்றாள். கணவரின் வேலைக்காக ஒடிசாவின் பிரம்மபூரில் எட்டு வருடம் இருந்து ஒடியா பழகியவள். இரு தரப்பும் நம்பிய ஒரே ஆள்.

செங்கோடன் எடுத்த எடுப்பில் கொதித்தார்.

“இதுகளோட பொறப்பே ஈனப் பொறப்புங்க. ஒரே வீதியில எப்படிங்க குடியிருக்கறது?”

பரிமளம் ஒடியாவில் சொன்னது: “அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீதியில் எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள்.”

சபித்ரி கை நீட்டிப் பேசினாள். நீங்கள் இனவெறி பிடித்தவர்கள், காணாமல் போன பிள்ளை கிடைத்த பிறகும் எங்களைத் திருடர்களாகவே பார்க்கிறீர்கள் என்றாள்.

பரிமளம் தமிழில் சொன்னது: “அவங்க புள்ளைங்களும் பயந்துதான் கிடக்குதாம். சேர்ந்து இருக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு கேக்கறாங்க.”

செங்கோடனின் முகம் இளகியது. அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடிந்தது. பலகையை எடுத்துவிடுவது, ஒருவரையும் காலி செய்யச் சொல்வதில்லை. பதினொரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பெயர் லக்ஷ்மீதர். லாரி ஓட்டுபவர், ஒடிசாவில் பிறந்தவர். தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் சொந்த வீட்டில் இருக்கிறார். இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு.

“பரிமளக்கா, இவங்க பேசினது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு,” என்றார். பிறகு யாரும் தடுப்பதற்குள் செங்கோடன் சொன்னதை ஒடியாவிலும் சபித்ரி சொன்னதைத் தமிழிலும் வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டார்.

மண்டபம் கொந்தளித்தது. நாற்காலிகள் சாய்ந்தன. பரிமளம் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். “பதினோரு குடும்பம் தெருவுக்கு வந்துடக் கூடாதேன்னுதான்...” என்றாள். அதைக் கேட்க ஆளில்லை.

சபித்ரி மட்டும் நகரவில்லை. தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். “மறுபடி முதலிலிருந்து பேசலாமா? இந்த முறை எதையும் மறைக்காமல்? வீடு போனாலும் போகலாம்,” என்று ஒடியாவில் கேட்டாள். குடும்பத்துக்கு ஒரு கையாகப் பத்துக் கைகள் உயர்ந்தன. நிறைமாதமாக இருந்த குந்தலா கையைத் தூக்கவில்லை.

சபித்ரி பரிமளத்தையே மறுபடி நடுவில் வந்து நிற்கச் சொன்னாள். பரிமளம் இந்த முறை உள்ளது உள்ளபடி சொன்னாள்.

“என்னையவா இனவெறின்னு சொல்றா?” செங்கோடனின் குரல் உடைந்தது. “வருசா வருசம் கோயில் அன்னதானத்துல இவங்களுக்கும் சேர்த்துத்தானுங்களே சோறு போட்டேன்?”

“போட்டீங்க. எங்களைத் தனி வரிசையில உட்கார வெச்சுப் போட்டீங்க.” சபித்ரி சொன்னதைப் பரிமளம் அப்படியே தமிழில் சொன்னாள்.

வீட்டுக்காரர்களில் பாவாத்தாள் என்ற பெண்மணி எழுந்தாள். “தனி வரிசை போட்டது நெசந்தானுங்க. பந்தி பரிமாறினவ நானு. அன்னிக்கு எனக்கு அது தப்பாவே தெரியல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதன்பின் நடந்த பேச்சு கசப்பாக இருந்தது, நீளமாகவும் இருந்தது. கடைசியில் ஆறு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். செங்கோடனும் மற்ற நால்வரும் மறுத்து வெளியேறினார்கள். பலகை போனது. ஆனால் மாதக் கடைசியில் ஐந்து குடும்பங்களும் போயின. சபித்ரியின் குடும்பம் அதில் ஒன்று, குந்தலாவின் குடும்பம் இன்னொன்று. ஒரு மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இடம் பிடித்தார்கள். குந்தலாவுக்கு அங்கேதான் பெண் குழந்தை பிறந்தது.

பொய் சொல்லிப் பதினொரு வீட்டையும் காக்கப் பார்த்தாள் பரிமளம். உண்மையை உடைத்தார் லக்ஷ்மீதர். வீடு போகலாம் என்று தெரிந்தே எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவைத்தாள் சபித்ரி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சபித்ரி என்பேன். பரிமளம் இரண்டு பேச்சையும் ஒரே அளவில் மெழுகினாள், அது நடுநிலை போலத் தெரிகிறது. ஆனால் வசவை மறைத்ததில் வைதவருக்கு லாபம். முறையீட்டை மறைத்ததில் முறையிட்டவளுக்கு இருந்த ஒரே குரலும் போயிற்று. லக்ஷ்மீதர் சொன்னது உண்மைதான், ஆனால் அதில் அவர் இழக்க ஒன்றுமில்லை. இழக்கப்போகிறவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்தவள் சபித்ரி ஒருத்திதான். இதைக் கொட்டகைக்குப் போய்க் குந்தலாவிடமே சொன்னேன். “சரியாகச் செய்தவர் பரிமளம் அக்காதான்,” என்றாள் அவள், குழந்தைக்கு விசிறிக்கொண்டே. மேலே தகரம் அனலாய்க் காய்ந்தது.