வைகாசியில் அளந்த சேறு

சாமிக்கு நாற்பது வயசு. சீடர் உலகநாதனுக்கு அறுபத்து மூன்று. நிலம் அளக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கடலோர மடத்தில் மூன்று வருஷமாகப் பாத்திரம் விளக்குகிறார். காவி இன்னும் கிடைத்தபாடில்லை.

ஐப்பசியில் ஒரு காலை கேட்டேவிட்டார்.

"உள்ளே நல்லாப் பார்த்துட்டேன் சாமி. ஆசை, கோபம், ஒண்ணும் இல்லை. வெறிச்சுன்னு கிடக்கு. இனியாவது காவி கொடுக்கலாமே?"

"கரைக்குப் போயி, உள்ளான் குருவி எத்தனை வந்திருக்குன்னு எண்ணிட்டு வாரும்."

உலகநாதனுக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது. போனார்.

ஒரு காலத்தில் சேறாகக் கிடந்த இடம். இப்போது சரளை கொட்டி மேடாக்கி, சுற்றி மதில். மேலே ஒரு கூட்டம் வட்டமடித்தது. இறங்கப் பார்க்கும், எழும்பும். மறுபடி வட்டம். ஒன்று மட்டும் மதிலோரம் குற்றுயிராய் விழுந்து கிடந்தது.

எடுத்து வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, குச்சியாய்க் கறுத்த கால். ஒரு எலுமிச்சம்பழக் கனம் இல்லை. பனி நாட்டிலிருந்து பறந்து வந்த உடம்பு.

"எத்தனை?"

"எண்ண முடியலை சாமி. ஒண்ணும் இறங்கலை."

"ஏனாம்?"

"சேறு இல்லையே. சேத்துல மூக்கை விட்டுப் புழு எடுத்தாத்தான் இதுக்குப் பிழைப்பு."

"நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீர். சேறு எங்கே போச்சு?"

உலகநாதன் கையைப் பார்த்தார். கறுத்த மூக்கின் நுனியில் பொட்டு மண் இல்லை.

"உத்தியோகத்துல இருந்தப்போ நான்தான் எழுதிக் கொடுத்தேன் சாமி. பறவை ஏதும் இல்லை, தரிசுன்னு. அதை வச்சுத்தான் மேடாக்கினாங்க."

"பொய்யா எழுதினீரா?"

"ஐயோ, இல்லை சாமி! மூணு நாள் சங்கிலி போட்டு அளந்தேன். சத்தியமா ஒரு குருவி கிடையாது."

"எந்த மாசம்?"

"வைகாசி."

"வைகாசியில இது எங்கே இருக்கும்?"

"வடக்கே. குஞ்சு பொரிக்கப் போயிருக்கும். அப்போ தெரியாது சாமி."

"யாரும் சொல்லலையாக்கும்?"

"நண்டு பிடிக்கிற பொம்பளை ஒருத்தி சொன்னா. ‘ஐப்பசியில வந்து பாரும் ஐயா, சேறு தெரியாம உக்காந்திருக்கும்’னா. நீ நண்டைப் பாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கையிலிருந்தது ஒரு தடவை காலை உதறியது. அப்புறம் உதறவில்லை.

உலகநாதன் அதைத் துண்டில் சுற்றினார்.

"அப்போ... காவி, சாமி?"

"உள்ளே ஒண்ணும் இல்லைன்னீரே," என்றார் சாமி. "அதை எந்த மாசத்துல பார்த்தீர்?"