குளிர்ந்த டயர்

கோயம்புத்தூர் டயர் கடையொன்றில் சக்கரம் மாட்டும் மயிலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த டயர் இன்னிக்குப் பந்தயத்துக்கு ஆகாதுங்க" என்றுதான் சொன்னாள். அதற்குக் காரின் சொந்தக்காரரான கார் கிளப் தலைவர் தேவசிகாமணி, பந்தய மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"வெளிநாட்டு ரேஸ் டயரைக் குறை சொல்ல நீ யாரு? எனக்கப்புறம் இதே காரை உனக்குப் பிடிச்ச டயர்ல நீ ஓட்டு. தோத்தா உன் வேலை போச்சு!"

தரையில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டிய பந்தயம் அது. ஒரே ஒரு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிஷ ஓட்டம்.

"சரிங்க ஐயா. நீங்க முதல்ல போங்க" என்றாள்.

குட்டி ஸ்போர்ட்ஸ் கார் சீறிக் கிளம்பியது. முதல் வளைவிலேயே வழுக்கி, நாலு கூம்புகளை உருட்டிவிட்டு, அறுபத்தெட்டு விநாடியில் வந்து நின்றது.

மயிலாத்தாள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, மென்மையான ரப்பர் கொண்ட சாலை டயர்களை மாட்டினாள். டயர் மாற்றிய வண்டிகளைத் தினமும் ஓட்டிப் பார்ப்பவள் அவள். ஒரு கூம்பையும் தொடாமல் ஐம்பத்தைந்து விநாடியில் முடித்தாள். நேரம் குறித்தவர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

தேவசிகாமணியின் முகம் வெளிறியது. "அப்ப என் டயர் எப்பத்தான் ஜெயிக்கும்?"

"நல்லாச் சூடானாத்தான் அது ரோட்டைப் பிடிக்குமுங்க. பத்துச் சுத்து ஓடினா கண்டிப்பா ஜெயிக்கும். அதுக்குள்ள மத்த போட்டிக்காரங்கெல்லாம் கோப்பையை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தேவசிகாமணி காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாவியை அவளிடமே நீட்டினார்.

"அடுத்த பந்தயத்தையும் நீங்களே ஓட்டுங்கம்மா."