நிழல் பாத்தியதை

இதில் வருகிற பொய்கள் எதுவும் என்னுடையவை அல்ல. ஆங்கிலம் மட்டும்தான் என்னுடையது. கோவில்பட்டியில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். சாட்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவன் பொய் சொன்னால் அது அவன் கணக்கு, என் கணக்கு இல்லை என்று இத்தனை காலமும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தச் சமாதானம் சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது இங்கிலாந்தில், ஒரு மரத்தடியில்.

நாங்கள் மூன்று பேர், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். லூர்துராஜ் லாரி வைத்து ஓட்டுகிறவன். தங்கமாரியப்பன் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவன். வாயைத் திறந்தால் அவனுக்கே மூடத் தெரியாது. லூர்துராஜின் மகள் ஜெனிட்டா அங்கே கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கிக்கொண்டு, நாட்டுப்புறத்துக் கோட்டைகளையும் பழைய மாதா கோயில்களையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் மாப்பிள்ளையுடையது. புதுக் கார். அவர் அதை யார் கையிலும் கொடுக்கிறவர் இல்லை. ஜெனிட்டா மன்றாடி, அப்பா பத்திரமாக ஓட்டுவார் என்று வாக்குக் கொடுத்து வாங்கித் தந்திருந்தாள். மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று: தார் ரோட்டை விட்டுக் கீழே இறக்கக் கூடாது. வெளியூர் வேலையாகப் போயிருந்தவர் அன்று மாலை ஏழு மணிக்குத் திரும்பி வருகிறார்.

குன்றின் மேல் ஒரு கோட்டை. பாதி இடிந்து, ஒரு பக்கக் கோபுரம் மேலிருந்து கீழ்வரை பிளந்து, பார்க்கவே உடம்பு சிலிர்த்தது. அடிவாரத்தில் கார் நிறுத்த ஜல்லி போட்ட பெரிய இடம், ஈ காக்கை இல்லை. தங்கமாரியப்பன், "வெட்டவெளியில போடாதலே, வண்டி கொதிச்சிரும். நிழல்ல போடு" என்றான். லூர்துராஜும் மறுபேச்சு இல்லாமல் காரைத் திருப்பி, புல்வெளிக்குள் இறக்கி, ஒரு பெரிய ஓக் மரத்தடியில் நிறுத்தினான். மூன்று நாட்களாக அந்த நாட்டில் வெயிலே கிடையாது. நாங்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். இருந்தும் மூன்று பேரில் ஒருத்தனுக்குக்கூட அது வித்தியாசமாகப் படவில்லை.

கோட்டைச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாங்கள் இறங்கி வருவதற்குள் ஒரு பாட்டம் மழை அடித்துவிட்டது. முன்சக்கரம் இரண்டும் பாதி வரை சேற்றுக்குள் இருந்தன. லூர்துராஜ் ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதித்தான். மீதிப் பாதியும் உள்ளே போனது.

அப்போதுதான் அந்த நிலத்துக்காரர் டிராக்டரில் வந்தார். வால்ட்டர் என்று பெயர் சொன்னார். எழுபது வயதிருக்கும். காரைப் பார்த்தார், காலியாகக் கிடந்த ஜல்லித் தரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"அங்கே அவ்வளவு இடம் கிடக்கிறது. இங்கே ஏன் வந்தீர்கள்?"

உள்ளதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். தங்கமாரியப்பன் என் கையைப் பிடித்தான். "வெயிலே இல்லாத ஊர்ல நிழலுக்கு ஒதுங்கினோம்னு சொன்னா நம்மளக் கிறுக்கன்னு நெனைப்பாரு. நான் சொல்றேன், நீ இங்கிலீசுல போடு."

"கோர்ட்டாரே, அவனப் பேச விடாத" என்றான் லூர்துராஜ். "இழுத்து விடச் சொல்லு. மாப்பிள்ள வந்துருவாரு."

"எங்க பூட்டன் சொத்தப் பாக்க வந்திருக்கோம்னு சொல்லுய்யா."

சொன்னேன். வால்ட்டர் டிராக்டரை அணைத்தார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக்கொண்டார். "பூட்டன் சொத்தா. நல்லது, முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்படி இருந்தால் இழுத்து விடுகிறேன். இல்லையென்றால் டவுனில் ஆட்கள் இருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் வருவார்கள்."

இதை நான் தமிழில் சொன்னதும் லூர்துராஜின் முகம் மாறியது. "சரி, சொல்லித் தொலைலே. ஆனா நம்புற மாதிரி சொல்லு."

"நம்புற மாதிரி சொல்றதுக்கு நான் எதுக்குலே? நீயே சொல்லலாமே" என்று சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டான் தங்கமாரியப்பன்.

"எங்க பூட்டன் இந்தக் கோட்டையில தலைமைச் சமையக்காரரு. எதிரிப் படை வந்து சுத்தி வளைச்சுக்கிட்டான். உள்ள ராசாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பூட்டன் சொன்னாரு, ராசா, நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கிடுதேன்னு. கோபுரத்து உச்சியில அடுப்பப் போட்டாரு, எண்ணெயக் காயவச்சாரு, ஒரு குத்து வரமிளகாயப் போட்டுத் தாளிச்சாரு. காத்து அந்தப் பக்கம். பத்தாயிரம் பேரு இருமுறான். குதிரை போட்ட தும்மல்ல லாடமெல்லாம் தெறிச்சு ஓடுது. ஒரு லாடம் போய் அடுத்த ஊர் மாதா கோயில் மணியில பட்டு, அந்த மணி இன்னும் நின்னபாடில்ல."

"இங்க ஏதுலே வரமிளகா?" என்றான் லூர்துராஜ்.

"கோவணத்துல முடிஞ்சு கொண்டாந்தாரு."

நான் வால்ட்டரிடம், இவருடைய முன்னோர் இங்கே சமையற்காரர், காரமான சமையலால் எதிரிகளை விரட்டினார் என்று சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அவர் இவ்வளவு நேரம் பேசினார். மிச்சத்தை நீங்களே வைத்துக்கொண்டீர்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கோர்ட்டில் இதுவரை யாரும் என்னிடம் மிச்சத்தைக் கேட்டதில்லை. பொய்யைக் குறைத்துச் சொன்னால் யோக்கியனாகிவிடலாம் என்று நினைத்தேனா, அல்லது கோவணத்துக்கு ஆங்கிலம் தேட வெட்கப்பட்டேனா? இரண்டும்தான் என்று தோன்றியது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோவணம் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அங்கேயா மிளகாயைக் கட்டினார்?"

"அப்பேர்ப்பட்ட வீரன்னு சொல்லு" என்றான் தங்கமாரியப்பன்.

"எங்கள் நாட்டுக்கு எப்படி வந்தாராம்?"

"கப்பல்லன்னு சொல்லாதலே, எல்லாரும் கப்பல்லதான் வாரான்" என்று லூர்துராஜே எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நின்றவன் இப்போது அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"கப்பலாவது ஒண்ணாவது. கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற அண்டாவுல ஏறி உக்காந்தாரு. ரெண்டு கரண்டியால துடுப்புப் போட்டாரு. பாதிக் கடல்ல திமிங்கலம் ஒண்ணு வாயப் பொளந்துக்கிட்டு வருது. பூட்டன் அசரல. வழிச்சாப்பாட்டுக்கு வச்சிருந்த கருவாட்ட எடுத்துக் காமிச்சாரு. பாவம், நம்ம சொந்தக்காரன இப்படி உப்புப் போட்டுக் காயவச்சிருக்கானேன்னு திமிங்கலம் ஏங்கி ஏங்கி அழுதுட்டுத் திரும்பிப் போயிருச்சு. கடல்ல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல, அது அன்னைக்குக் கூடுனது."

வால்ட்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபுரத்தின் பிளவைக் கையால் காட்டினார். "அது எப்படி ஆனது என்று அவருக்குத் தெரிந்திருக்குமே?"

"அது எங்க பூட்டி பண்ணுனது. போன மனுசன் போனவருதான், ஒரு தகவலும் இல்ல. அந்தம்மா தேடிக்கிட்டு வந்துட்டா. அந்தா அந்த வேலிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு, ஏ மனுசா, வீட்டு நெனப்பு இருக்கா இல்லையான்னு ஒரே ஒரு சத்தம். கோபுரம் ரெண்டாப் போச்சு. இத்தனைக்கும் அன்னைக்கு அவளுக்குத் தொண்ட சரியில்ல."

அதைக் கேட்டதும் வால்ட்டர் தன் வீடு இருக்கிற திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "என் மனைவி ஜன்னல் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வாள்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துலே" என்று லூர்துராஜ் காதைக் கடித்தான். "எறங்கி வாராரு."

"இப்பத்தான் வெவகாரத்துக்கு வாரேன்" என்று தங்கமாரியப்பன் குரலைத் தாழ்த்தினான். "செயிச்ச ராசா பூட்டனக் கூப்பிட்டு, என்ன வேணும் கேளும்ன்னாரு. பாதி ராச்சியம் தரட்டுமான்னாரு. பூட்டன் வேண்டாம்னுட்டாரு. பொண்ணத் தரட்டுமான்னாரு. பூட்டி பக்கத்துல நிக்கா, எப்படி வேணும்பாரு? கடைசியில சொன்னாரு, ராசா, மண்ணு உங்களுது, மரம் உங்களுது, நான் கையில தூக்கிட்டுப் போகப்போறதில்ல. இந்த மரத்து நிழல மட்டும் எனக்கும் என் வம்சத்துக்கும் எழுதிக் குடுங்கன்னாரு. ராசா எழுதிக் குடுத்துட்டாரு. அதனால ஐயா அவர்களுக்கு என்னன்னா, நாங்க உங்க மண்ணுல வண்டிய நிறுத்தல. எங்க நிழல்ல நிறுத்தியிருக்கோம். அது கீழ எறங்கினதுக்கு நாங்க பொறுப்பில்ல."

எத்தனையோ நிலத்தகராறு வழக்குகளை மொழிபெயர்த்திருக்கிறேன். பாத்தியதையை இவ்வளவு சுத்தமாக நிறுவிய வக்கீல் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வால்ட்டர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். "இன்றைக்கு நிழலே இல்லையே."

"அதத்தான் நாங்களும் கேக்க வந்தோம். எங்க சொத்த எங்க வச்சிருக்கீக?"

லூர்துராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். நானும் சிரித்துவிட்டேன். வால்ட்டர் மட்டும் சிரிக்கவில்லை. டீ மூடியை உதறிப் பிளாஸ்கில் திருகி வைத்தார்.

"உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். இது கோட்டை இல்லை. அந்தக் காலத்தில் இங்கே இருந்த பணக்காரர் ஒருவர், தன் மாளிகை ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்குமென்று கட்டியது. கட்டும்போதே இடிந்ததாகத்தான் கட்டினார்கள். பிளவும் வரைபடத்தில் இருந்ததுதான். ராஜா வந்ததில்லை, படை வந்ததில்லை. உள்ளே சமையலறையும் கிடையாது. மழை பெய்தால் என் மாடுகள் ஒதுங்கும்."

தமிழில் சொல்லி முடித்தேன். நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்ட சுவர் அங்கே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. லூர்துராஜ் காரைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "முடிஞ்சது. இனி எம்மக முகத்துல எப்படி முழிப்பேன்" என்று மெதுவாகச் சொன்னான். வால்ட்டர் டிராக்டர் சாவியில் கை வைத்துவிட்டார்.

தங்கமாரியப்பன் எச்சில் விழுங்கினான். அந்த ஒரு விழுங்கலுக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டான்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவரு அவசரப்பட்டுட்டாரு."

"அப்ப அந்தச் சண்ட?" என்றான் லூர்துராஜ்.

"அது வேற கோட்டலே, நீ சும்மா இரு. கோர்ட்டாரே, சொல்லு. பணக்காரரு இடிஞ்ச மாதிரி புதுசா ஒரு கோட்ட வேணும்னாரு. இங்க உள்ள கொத்தனாருக்கு நேராத்தான் கட்ட வருது. எத்தன தரம் கட்டினாலும் கோட்ட அசையாம நிக்குது. மனுசன் நொந்துபோய்ச் சீமையெல்லாம் ஆள் தேடி, கடைசியில எங்க பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருத்தர வரவழைச்சாரு. அவரு ஒரு குறையும் வைக்கல. எப்பவும் கட்டுற மாதிரி மனசறிஞ்சு நல்லாத்தான் கட்டினாரு. மறுநாள் காலையில பாத்தா இப்படி இருந்துச்சு."

நான் மொழிபெயர்த்தேன். முடிக்கும்போது, திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அதை நானூறு வருஷத்துப் பழசு என்று நினைத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள் என்றும் சொன்னேன். தங்கமாரியப்பன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. பொய்ச்சாட்சிகள் கூண்டில் நிற்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பல தடவை பார்த்து, இதெப்படி இவர்களால் முடிகிறது என்று வீட்டுக்கு வந்தும் யோசித்திருக்கிறேன். அன்று கொஞ்சம் புரிந்தது. புரிந்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வால்ட்டர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கினார். டிராக்டருக்குப் பின்னாலிருந்து சங்கிலியை எடுத்து, முழங்கால் சேற்றில் பதிய உட்கார்ந்து, காருக்கு அடியில் கொக்கி மாட்டினார். இரண்டே இழுப்பில் கார் ஜல்லித் தரைக்கு வந்துவிட்டது. பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கழுவவும் விட்டார். லூர்துராஜ் சக்கரத்துக்குள் கைவிட்டுத் தேய்த்துக் கழுவினான். ஒரு கீறல் இல்லை. ஏழு மணிக்குள் போய்விடலாம்.

கிளம்பும்போது வால்ட்டர் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"அந்தக் கான்ட்ராக்டர் ஊர் திரும்பவில்லை என்று நினைக்கிறேன். கீழே ஆற்றுப் பாலத்தைக் கட்டியது அவருடைய பிள்ளைகள்தான். பார்த்துப் போங்கள்."

சொல்லிவிட்டு, சிரிக்காத அதே முகத்தோடு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். தங்கமாரியப்பன் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான். "கெழவன் லேசுப்பட்ட ஆளு இல்லலே."

பாலம் வந்தது. கல் பாலம், நல்ல அகலம். எதிரே ஒரு பால் லாரி அதன் மேல் சாவகாசமாக வந்து எங்களைக் கடந்து போயிற்று. லூர்துராஜ் பாலத்துக்கு இந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டான்.

"ரெண்டு பேரும் எறங்கி நடந்து வாங்க. நான் மெதுவா ஓட்டிட்டு வாரேன்."

"லேய், அந்தாளு சும்மா சொன்னாம்ல" என்றான் தங்கமாரியப்பன்.

"நீ சொன்னாத்தாம்ல பொய்யி. அவரு அவரு ஊரப் பத்திச் சொல்றாரு. மாப்பிள்ள காருலே, எறங்கு."

தங்கமாரியப்பன் ஆதரவுக்கு என்னைத் தேடினான். நான் அதற்கு முன்பே இறங்கி நின்றிருந்தேன்.