குளத்தில் இறங்கிய பஞ்சாங்கம்

முன்னொரு காலத்தில் சங்குத்துறைப் பட்டினத்தை முத்துவேந்தன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் பளபளவென்று எதைக் காட்டினாலும் மயங்கிவிடுவான்.

ஒரு தை மாதம் சீனத்துக் கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அமைச்சர் நம்பிக்கூத்தர் கரையில் வாய் பிளந்து நின்றார். இத்தனை பலம் இருந்தும் ஓர் அம்புகூட எய்யவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய வியப்பு.

தூதர் லியூ பல துறைமுகங்களில் பழகித் தமிழ் கற்றவர். அவையில் பட்டுத் துணிகளையும் பீங்கானையும் குவித்துவிட்டு, கடைசியாக மஞ்சள் துணியில் பொதிந்த பஞ்சாங்கம் ஒன்றை நீட்டினார்.

"எங்கள் பேரரசர் அருளியது. இதன்படி நாள் பார்க்கும் அரசர்கள் எல்லாரும் அவருடைய பிள்ளைகள்."

அரசன் இரு கைகளையும் நீட்டினான். நம்பிக்கூத்தர் குறுக்கே வந்தார். "அரசே, பொறுங்கள். இதை வாங்கினால் நாம் அவருக்கு அடங்கியவர்கள் என்று பொருள். அது அவர்கள் வழக்கம்."

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த விடங்கர் எழுந்தார். "கூத்தருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். பேரரசர் பஞ்சாங்கம் பொய்க்குமா? என் தலையை அடகு வைக்கிறேன்."

"பொய்க்காதென்றால் நானே முதலில் வணங்குகிறேன்," என்றார் நம்பிக்கூத்தர். "தூதரே, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது?"

லியூ புரட்டினார். சற்றுத் தயங்கினார். "குளிரில் ஏரி, குளமெல்லாம் கல்லாக உறைந்திருக்கும்."

"நல்லது. விடங்கரே, அரண்மனைக் குளத்தின்மேல் நடந்து காட்டுங்கள்."

விடங்கர் அரசனைப் பார்த்தார்.

"நடவும்," என்றான் அரசன். "தலையை அடகு வைத்தவருக்குக் கால் நனைந்தால் என்ன?"

நடந்தார். மூழ்கினார். தலையில் தாமரை இலையோடு எழுந்தார். அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு ஓய்ந்ததும் தன் கைகளையே பார்த்தான். "ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நாட்டைக் கொடுத்திருப்பேன்," என்றான் மெதுவாக.

லியூ அமைச்சரை வணங்கினார். "எத்தனையோ அரசர்களுக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். குளத்தில் இறக்கிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்."

"வாளெடுக்காமல் நாடு பிடிக்கத் தெரிந்தவர்களை நானும் இன்றுதான் பார்க்கிறேன்," என்று நம்பிக்கூத்தர் மனதாரச் சொல்லிப் பதிலுக்கு வணங்கினார்.

அரசன் தன் முத்துமாலையை அமைச்சருக்கு அணிவித்தான். தூதரை நண்பராக வழியனுப்பினான். பஞ்சாங்கத்தை மட்டும் தான் தொடாமல், தூதர் கையாலேயே விடங்கரிடம் கொடுக்கச் சொன்னான்.

"இது உமக்குத்தான். நம் குளம் உறைகிற அன்று அமைச்சர் பதவியும் உமக்கே."

விடங்கர் சாகும்வரை தினமும் காலையில் அந்தக் குளத்தைத் தொட்டுப் பார்த்தாராம்.