தளவாய் குழைத்த மஞ்சள்

எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. கடலோரத்தில் வெண்கரை என்றொரு நாடு. அதை உக்கிரசோமன் என்ற ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான். சாயங்காலம் அவனையே பல்லக்குத் தூக்க வைப்பான். அப்படிப்பட்ட மனசு.

அவனுக்கு மந்திரி நல்லாண்டியார். படைக்குத் தலைவனான தளவாய் வீரபாகு. மந்திரியின் ஆசனத்தின் மேல் தளவாய்க்கு எப்போதும் ஒரு கண். பளீரென்ற பல்லைக் காட்டி, "வெற்றிலை, சுண்ணாம்பு தொடாத ஆளய்யா நான்" என்று பெருமை பேசுவான்.

மந்திரிக்கும் அவன்மேல் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு திருவிழாவில் அவர் வேட்டியில் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. வீட்டுக்காரி அதைச் சலவைக் காரத்தில் முக்கினாள். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அரண்மனையிலிருந்து அவசர அழைப்பு. அலசக்கூட நேரமில்லாமல் அப்படியே உடுத்திக்கொண்டு ஓடினார்.

"என்ன மந்திரியாரே, ஆடு அறுத்த கையோடு வருகிறீரோ?" என்றான் வீரபாகு. சபை குலுங்கியது. ராஜாவும் சிரித்தான். அன்று தின்ற சோறு செரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் மந்திரிக்குச் செரிக்கவில்லை.

வருஷங்கள் போயின. ஒருநாள் மதியம் ராஜா சோற்றில் கைவைத்தான். முதல் கவளத்திலேயே தூவென்று துப்பினான். நாக்கு எரிந்தது.

"மடைப்பள்ளியில் யார்?"

மடைப்பள்ளியில் இருந்தது காளத்தி, மந்திரியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். வெளியே கொலைமுரசு ஒலிக்கத் தொடங்கியது. முரசு நின்றால் தலை விழும். அந்த நாட்டு வழக்கம் அது.

"மகாராஜா, அடுப்புக்குப் பக்கத்து ஜாடியில் இருப்பதுதான் உப்பு. அதிலிருந்துதான் மரக்கரண்டியால் போட்டேன். அத்தான், நீங்களாவது சொல்லுங்கள்!"

"ருசி பார்த்தாயா?"

"எப்படிப் பார்ப்பேன், மகாராஜா? உங்கள் நாக்குக்கு முன்னால் வேறு நாக்குப் படலாமா?"

அது உண்மை. ராஜாவின் உணவை வேறொருவர் ருசித்தால் எச்சில். எச்சில் பட்டால் தண்டனை.

வீரபாகு முன்னால் வந்தான். "மந்திரி வீட்டு மைத்துனன் மன்னருக்கு விஷம் வைத்திருக்கிறான். மைத்துனனுக்கு யோசனை சொன்னது யாரோ!"

நல்லாண்டியார் ஆசனத்தை விட்டு எழுந்தார். கும்பிட்டார். "மகாராஜா, மடைப்பள்ளியில் மூன்று ஜாடி. ஒன்றில் சாப்பாட்டு உப்பு, ஒன்றில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் படிகாரம், இன்னொன்றில் பாத்திரம் துலக்கும் சலவைக் காரம். மூன்றுமே வெள்ளைப் பொடி. யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். எதில் எது என்று காட்டுகிறேன்."

"நாக்கில் வைக்காமல் காட்டு. காட்டாவிட்டால் உன் தலையும் சேர்ந்து போகும்."

"ஒரு வேண்டுகோள். நான் ஏமாற்றினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. எனக்கு வேண்டிய மஞ்சளைத் தளவாயே தம் கையால் குழைத்துத் தரட்டும்."

"சமையல்காரன் வேலையா?" என்று இளித்தாலும், ராஜா பார்க்கிறானே என்று வீரபாகு உட்கார்ந்து குழைத்தான். மந்திரி அவன் விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். முரசு அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று ஜாடியையும் சபைக்குக் கொண்டுவரச் சொல்லி, மந்திரி ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சளைத் தடவினார். ஒவ்வொரு ஜாடிப் பொடியையும் தனித்தனிக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்தார். அடுப்போர ஜாடித் தண்ணீரைத் துணியில் விட்டதும் அந்த இடம் குப்பென்று சிவந்தது.

"இது கார வர்க்கம், மகாராஜா. மஞ்சளைச் சிவக்க வைக்கும். ஆரத்தி கரைக்கும் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். உப்பு ஜாடியில் இருப்பது சலவைக் காரம்."

மற்ற இரண்டையும் விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

வீரபாகு கைகொட்டினான். "இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே! இதில் உப்பு எது, மந்திரியாரே? முரசுக்காரனுக்குக் கை வலிக்கிறது, சீக்கிரம்!"

காளத்தி கண்ணை மூடிக்கொண்டான். மந்திரி மீதி இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். சிவந்த இடத்தின்மேல் ஒரு கிண்ணத்துத் தண்ணீரைச் சொட்டினார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. அதே சிவப்பின் இன்னொரு ஓரத்தில் மற்றக் கிண்ணத்துத் தண்ணீரை விட்டார். சுர்ரென்று நுரைத்தது, சிவப்பு வடிந்து பழைய மஞ்சள் திரும்பியது.

"காரத்தை அடக்கியது புளிப்பு வர்க்கம், அது படிகாரம். மஞ்சளையும் மாற்றாமல், சிவப்பையும் மாற்றாமல், இரண்டு பக்கமும் சேராமல் நின்றது சாப்பாட்டு உப்பு. அது இருந்தது காரத்தின் ஜாடியில். இடம் மாற்றியிருக்கிறார்கள்."

"மாற்றியவனும் இவனே!" என்று கத்தினான் வீரபாகு.

"கரண்டியால் அள்ளுகிறவன் கையில் காரம் ஏது? அவசரத்தில் கையால் வாரிக் கொட்டினவன் கையில்தானே ஒட்டியிருக்கும்? தளவாய், உம்முடைய கையைக் கொஞ்சம் நீட்டும்."

வீரபாகு அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். விரலெல்லாம் மஞ்சள். மோதிர இடுக்கிலும் நகக்கண்ணிலும் மட்டும் ரத்தம் கட்டினதுபோல் சிவப்பு.

"இது... இது சுண்ணாம்பு, மகாராஜா!"

"சுண்ணாம்பு தொடாத ஆளாயிற்றே!" என்றார் மந்திரி. "அப்படியானால் காலையில் பாத்திரம் துலக்கினீரோ? இல்லை, ஆடு அறுத்த கையோடு வந்தீரோ?"

சபை ஒரு கணம் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. வீரபாகு ராஜாவின் காலடியில் விழுந்தான்.

ராஜா எழுந்தான். "முரசு நிற்கக் கூடாது! முதலில் காளத்தியின் கட்டை அவிழுங்கள்." கட்டு அவிழ்ந்த பிறகுதான் முரசு நின்றது. "வீரபாகு, உன் வாளை வை. இன்றுமுதல் மடைப்பள்ளிப் பாத்திரம் உன்னுடையது, துலக்கு. மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

"ஒரு வேட்டி கொடுங்கள், மகாராஜா. என் பழைய வேட்டியைப் பார்த்து ஒருநாள் நீங்களும் சிரித்தீர்கள்."

ராஜாவின் முகம் சுருங்கியது. ராஜா தன் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, தானே இறங்கி வந்து மந்திரியின் தோளில் போட்டான்.

அதற்குப் பிறகு வெண்கரையில் யாராவது யார்மேலாவது பழி சொன்னால், "மஞ்சளை முதலில் நீ குழை" என்பார்களாம். பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்களாம்.